குறை எழுதும் கட்டம்

ஒசாகா
1982 மார்ச் 9

அன்புள்ள மசுயோ அக்காவுக்கு,

இங்கே பிளம் பூக்கள் உதிரத் தொடங்கிவிட்டன. குரயோஷியில் கூரைப் பனி இன்னும் இறங்கியிருக்காது. நீ நலம்தானே? அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது? தொலைபேசியில் கூப்பிட்டால் "சரி, வை" என்பதைத் தவிர நீ வேறு எதுவும் சொல்வதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு சேதி. கமானோ குக்கர் கம்பெனியில் எனக்கென்று ஒரு பிரிவு கொடுத்துவிட்டார்கள். பிரிவு என்றால் நான், ஒரு மேஜை, ஒரு ரப்பர் முத்திரை. பெயர் 'தோழியர் வட்டம்'. பெரிய கம்பெனிகள் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்கின்றன. எங்கள் முதலாளி என்ன சொன்னார் தெரியுமா? "தெய்ஜி, நம்மகிட்ட நடிகை கிடையாது. நம்ம குக்கர்ல சமைக்கிற பொம்பளைங்க இருக்காங்க. அவங்க வாயால வித்துக் காட்டு."

யோசித்துப் பார்த்தால் அதை நீ ஏற்கெனவே செய்துவிட்டாய். போன வருஷம் உனக்கு ஒரு குக்கர் அனுப்பினேன். உன் தெருவிலிருந்து பதினொரு பேர் வாங்கினார்கள். யாரும் உன்னைக் கேட்கவில்லை. எப்படிச் செய்தாய்? மற்ற ஊர்ப் பெண்களுக்கும் சொல்லித்தர வேண்டும். இதில் தோற்றால் அடுத்து என்னைக் கிடங்குக்குத்தான் அனுப்புவார்கள். நாற்பத்துநாலு வயதில் பெட்டி அடுக்க என்னால் ஆகாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி,
தெய்ஜி

*

குரயோஷி
ஏப்ரல் 2

தம்பி தெய்ஜிக்கு,

பனி போய்ச் சேறு வந்திருக்கிறது. எல்லோரும் சுகம். உன் அத்தானின் முதுகு, வேலை என்றால் வலிக்கும், மீன்பிடிக்கப் போனால் வலிக்காது.

நான் எதையும் விற்கவில்லை. மத்தி மீனை முள் கரையும்வரை குக்கரில் வேகவைத்து, டப்பாவில் போட்டுப் பக்கத்து வீட்டுக் குனியிடம் கொடுத்தேன். அவ்வளவுதான். டப்பாவை அவள் வெறுமையாகத் திருப்பித் தர முடியுமா? இரண்டு முள்ளங்கியோடு வந்தாள். வந்தவள் நின்றாள். "முள்ளு எங்கடி போச்சு? எடுத்துட்டியா?" என்று கேட்டாள். "நீயே வந்து பாரு" என்றேன். குக்கரைப் பற்றி நான் ஒரு வார்த்தை புகழவில்லை. புகழ்ந்தால் விற்க வந்தவள் என்று நினைப்பார்கள். டப்பா போகும், டப்பா வரும். வருகிறவள் அடுப்படிவரை வருவாள். இதைத்தான் உன் ஆபீசில் பிரிவு வைத்துச் செய்யப் போகிறீர்களா?

இப்போது நாற்பத்துமூன்று வீடு. மாதம் ஒருமுறை ஒருத்தி வீட்டில் கூடுகிறோம். பேச்சுப் பாதி, சமையல் பாதி.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ அனுப்பின கேள்வி அட்டையில் 'குறை ஏதேனும் இருந்தால் எழுதவும்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை எவளும் நிரப்பமாட்டாள். மசுயோவின் தம்பி கம்பெனி என்று தெரிந்தபிறகு எப்படி எழுதுவாள்? என் முகத்தில் விழிக்க வேண்டாமா? குனியின் குக்கரில் கைப்பிடித் திருகு லூசாக இருக்கிறது. அவள் எழுதினது, 'மிக நன்று'.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு. ஆபீஸ் நூடுல்ஸைக் குறை.

அக்கா,
மசுயோ

*

ஒசாகா
ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம். சட்டை காய்வதில்லை. நீங்கள் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் டப்பா வேலை செய்கிறது! வட்டத்தின் மாத மடலில் 'வெறுமையாகத் திரும்பாத டப்பா' என்று எழுதினேன். கமானோ பூப்போட்ட டப்பா ஒன்றை ஊருக்கு ஒருத்திக்கு அனுப்பினோம். மூன்றே மாதத்தில் இருபத்தாறு ஊர், தொள்ளாயிரம் தோழியர். சம்பளம் இல்லை, கமிஷன் இல்லை. ஒரு ஏப்ரன் தருகிறோம், மடலில் பெயர் போடுகிறோம். அதற்கே அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

திரும்பி வந்த அட்டைகள் நானூற்றுப் பன்னிரண்டு. குறைக் கட்டத்தில் ஒன்றிலும் ஒன்றும் இல்லை. முதலாளி அதில் ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார். வருகிறவர்களிடமெல்லாம் "பாருங்க, நானூறு பேர்ல ஒரு குறை கிடையாது" என்கிறார். நீ ஏப்ரலில் எழுதினது அப்போது ஞாபகம் வந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டேன். குனி அக்காவுக்குப் புதுத் திருகு இதோடு வருகிறது.

நவம்பரில் ஒசாகாவில் பெரிய கூட்டம். முதல் தோழி என்று நீதான் மேடையில் பேச வேண்டும். அந்த ஊதாக் கிமோனோவைக் கட்டிக்கொண்டு வா. மாட்டேன் என்று சொல்லாதே.

தம்பி,
தெய்ஜி

*

குரயோஷி
ஜூலை 28

தம்பி தெய்ஜிக்கு,

வெயில் காய்கிறது. எல்லோரும் நலம். பதில் தாமதமாகிவிட்டது, தப்பாக நினைக்காதே.

கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று பார்க்கிறாயா? நான் சொல்லச் சொல்ல எழுதுவது குனி. அவள் தபால் வழியில் அழகு கையெழுத்துப் பாடம் படிக்கிறாள். பரீட்சைக்கு முன்னால் நிறைய எழுதிப் பழக வேண்டுமாம். எனக்கும் வேலை மிச்சம். (குனி: ஐம்பத்திரண்டு வயசுல படிக்கிறேன்னு யாரும் சிரிக்க வேண்டாம். திருகு வந்துது, நன்றி.)

இங்கே எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் ஏற்படுத்தியிருக்கிறோம். அடுப்பை அணைத்ததும் குக்கரைத் திறப்பதில்லை. ஆவி அடங்கிவிட்டது மாதிரி தெரிந்தாலும் திறப்பதில்லை. உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடித்துவிட்டு, மூடிமேல் ஈரத்துணி போட்டுப் பிறகு திறக்கிறோம். நாற்பத்துமூன்று வீட்டிலும் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். மற்ற ஊர்களுக்கும் நீ எழுதினால் நல்லது.

கைப்பிடிக்குள் ஒரு பூட்டு நாக்கு இருக்கிறதே, உள்ளே ஆவி இருக்கும்போது மூடியைத் திரும்பவிடாமல் பிடித்துக்கொள்வது, அது ஒரு வருஷத்தில் தேய்ந்துபோகுமா? உங்கள் பொறியாளரைக் கேட்டுச் சொல். அவசரம் ஒன்றும் இல்லை.

நவம்பரில் வர முடியாது. மாமியாரின் நினைவு நாள் வருகிறது. பேரிக்காய் பழுத்ததும் ஒரு பெட்டி அனுப்புகிறேன்.

அக்கா

*

ஒசாகா
செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

பேரிக்காய் வந்தது. ஆபீசில் எல்லோரும் கை ஒழுக ஒழுகத் தின்றார்கள். உங்கள் பக்கம் புயல் ஒன்றும் சேதம் செய்யவில்லையே?

உன் தேநீர் வழக்கத்தை என்னவென்று சொல்வது! மடலில் போட்டதும் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். 'ஒரு கோப்பை நேரம், உங்களுக்கே உங்களுக்கு' என்று ஒரு சின்னக் கோப்பைப் படத்தோடு போட்டோம். இப்போது ரயில் நிலையத்தில் அதுவே விளம்பரம். வீட்டு வேலையில் மூச்சுவிட நேரமில்லாத பெண்களுக்குக் கமானோ தருகிற ஓய்வு என்று முதலாளி மேடைக்கு மேடை பேசுகிறார். "உங்க அக்காவ நம்ம கம்பெனிக்கே கூட்டிட்டு வாய்யா" என்கிறார். இரண்டாயிரத்து நூறு தோழியர் ஆகிவிட்டோம். எனக்கு இப்போது மூன்று மேஜை.

மாமியார் நினைவு நாள் மே மாதம் என்றல்லவா நினைத்திருந்தேன்? எப்படியாவது வா. நீ இல்லாத கூட்டம் எனக்குக் கூட்டமே இல்லை.

குனி அக்காவின் எழுத்து உன் எழுத்தைவிட அழகு, அவர்களிடம் சொல்.

தம்பி,
தெய்ஜி

*

குரயோஷி
அக்டோபர் 5

தம்பிக்கு,

அறுவடை முடிந்தது. நலம்.

மடல் பார்த்தேன். கோப்பை ரொம்பச் சின்னதாக இருக்கிறது. நாங்கள் குடிப்பது பதினைந்து நிமிஷம். பதினைந்து. குனியிடம் அடியில் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். அந்த எண்ணை மடலில் போடு.

பூட்டு நாக்கைப் பற்றிக் கேட்டிருந்தேனே?

கூட்டத்துக்கு எனக்குப் பதிலாகக் குனி வருவாள். ரயிலில் அவளுக்கு வாந்தி வரும். ஜன்னல் பக்கம் இடம் பிடித்துக் கொடு.

அக்கா

*

ஒசாகா
நவம்பர் 24

அக்காவுக்கு,

குளிர் வந்துவிட்டது. நீ நலமா? இந்த முறை சடங்குக்காகக் கேட்கவில்லை.

கூட்டம் நன்றாக நடந்தது. அறுநூறு பேர். குனி அக்கா மேடையில் உன் டப்பாக் கதையைச் சொன்னார்கள், சிரிப்பில் கூரை அதிர்ந்தது. பிறகு ஒரு குக்கரைக் கொடுத்துத் திறந்துகாட்டச் சொன்னோம். குனி அக்கா முகத்தை முழுக்கத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி, ஈரத்துணியைச் சுற்றித் திறந்தார்கள். அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நம் வீட்டு நாயை ஒருமுறை வண்டி இடித்த பிறகு அது தெருவைத் தாண்டினது எப்படியோ, அப்படி இருந்தது.

குழுப்படம் எடுக்கும்போது சாகா ஊரின் முதல் தோழி ஹிரோசே அம்மா ஓரத்துக்கு ஓரம் மாறி மாறி உட்கார்ந்தார். வலது பக்கம் படத்தில் விழக்கூடாதாம். பிறகு நடைபாதையில் பார்த்தேன். காதிலிருந்து கழுத்துவரை வெந்திருந்தது. அக்டோபர் இருபதாம் தேதி நடந்ததாம். கறுப்பு பீன்ஸ் வேகவைத்து, அணைத்து, ஒரு சின்னக் கோப்பை தேநீர் குடித்துவிட்டுத்தான் திறந்தாராம். பிறகு அவரே சொன்னார்: "என் கவனக்குறைவுதாங்க. உங்களுக்குத் தெரிஞ்சு சங்கடப்படக் கூடாதுன்னு தலையைச் சாய்ச்சு வாரிட்டு வந்தேன். மன்னிச்சுக்குங்க." இடுப்பு வளைய வணங்கினார். என்னை, அக்கா. என்னை வணங்கினார்.

பதினைந்து என்று நீ எழுதினாய். நான் போடவில்லை. எண் போட்டால் அரசாங்க அறிவிப்பு மாதிரி இருக்கிறது, ஓய்வு மாதிரி இல்லை என்று நினைத்தேன். அக்டோபர் மடல் பத்தாம் தேதி அச்சுக்குப் போனது. போட நேரம் இருந்தது. நாக்கைப் பற்றிப் பொறியாளரைக் கேட்கவும் இல்லை. ஜூலையிலிருந்து இரண்டு தரம் அவரோடு ஒரே மேஜையில் சாப்பிட்டிருக்கிறேன்.

குனி அக்காவின் பரீட்சை செப்டம்பரிலேயே முடிந்துவிட்டதாமே. நீ ஏன் உன் கையால் எழுதுவதில்லை?

தெய்ஜி

*

குரயோஷி
டிசம்பர் 1

தெய்ஜி தம்பிக்கு,

குனி வணக்கம் சொல்லி எழுதுவது. ஒசாகாவில் கவனித்துக்கொண்டதற்கு நன்றி. உங்கள் கடிதத்தை மசுயோ மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு மூன்று நாளாகத் திரிகிறாள். பதில் எழுதச் சொல்லவில்லை. அதனால் நானே எழுதுகிறேன். தெரிந்தால் என்னைத் தொலைத்துவிடுவாள்.

ஜூலை நாலாம் தேதி. ஆவி அடங்கிவிட்டதென்று மூடியைத் தொட்டாள். பூட்டு பிடிக்கவில்லை. மூடி கூரையில் மோதிக் கீழே விழுந்தது. சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. வலது கை முழங்கைவரை வெந்துவிட்டது. இரண்டு அறுவை சிகிச்சை செய்தாகிவிட்டது. மூன்று விரல் ஒட்டிக்கொண்டு மடங்கியே இருக்கிறது. பேனா நிற்காது. சாப்பிடும் குச்சியும் நிற்காது, இடது கையால் கரண்டி பிடித்துத் தின்கிறாள்.

ஆஸ்பத்திரியில் நான், "கம்பெனிக்கு ஒரு போன் போடுடி" என்றேன். "வாயைத் திறந்தே, உன் குக்கரை ஆத்துல போட்டுடுவேன்" என்றாள். "அவனுக்கு இப்பதான் ஒரு மேஜை கிடைச்சிருக்கு. முதல் தோழியே குக்கரால வெந்துட்டானு தெரிஞ்சா அவன் என்ன ஆவான்?" என்றாள். கட்டுப் பிரிக்கும் முன்னாலேயே நாற்பத்துமூன்று வீட்டுக்கும் நடந்தாள். கையைத் துணியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, "வழுக்கி விழுந்துட்டேன். அப்புறம், ஒரு புது வழக்கம் வெச்சுக்கலாம், டீ குடிச்சுட்டுத் திறக்கலாம்" என்று சொல்லிக்கொண்டு போனாள். நாங்கள் நாற்பத்துமூன்று பேரும் நம்பின மாதிரி தலையாட்டினோம். யாரும் நம்பவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

தம்பி, நான் வாயாடி என்று ஊரே சொல்லும். ஐந்து மாதம் இந்த வாயை மூடிவைத்திருந்தேன். சாகா அம்மாவின் கழுத்தை நானும் பார்த்தேன். ரயிலில் வரும்போது வாந்தி வரவில்லை, அழுகை வந்தது.

குளிரில் பத்திரமாக இருங்கள்.

குனி

*

ஒசாகா
டிசம்பர் 20

அக்காவுக்கு,

எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று கேட்காதே, குனி அக்காவைத் திட்டவும் திட்டாதே. உன் கையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹிரோசே அம்மாவின் குக்கரை வரவழைத்துப் பொறியாளரிடம் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் சொல்லிவிட்டார். நாக்கு மெல்லியது, தினமும் புழங்கினால் ஒரு வருஷத்தில் தேய்கிறது. "யாராவது முன்னாடியே சொல்லியிருந்தா ரெண்டு மில்லி தடிமன் கூட்டியிருப்பேனே" என்றார்.

முதலாளியிடம் போனேன். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. சுவரில் மாட்டின அட்டையைக் காட்டினார். "ரெண்டாயிரத்து முந்நூறு அட்டை வந்திருக்கு தெய்ஜி. ஒருத்தி கூட குறை சொல்லல. ஒருத்தங்க அவசரப்பட்டுத் திறந்துருக்காங்க, அதுக்காகக் கம்பெனியவே மூடச் சொல்றியா?" ஒருத்தர் இல்லை, என் அக்காவும்தான் என்றேன். "உங்க அக்கா அட்டைல என்ன எழுதிருக்காங்க?" என்று கேட்டார். எடுத்துப் பார்த்தோம். ஆகஸ்டில் வந்த அட்டை, குனி அக்காவின் அழகான எழுத்தில்: 'குறை கிடையாது.'

அவர் அனுமதி இல்லாமல், மூவாயிரத்து நூறு தோழியருக்கும் வட்டத்தின் முத்திரை குத்தி ஒரு புது அட்டை அனுப்பிவிட்டேன். புது நாக்கு வரும்வரை குக்கரை அடுப்பில் ஏற்றாதீர்கள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். கீழே, பழைய குறைக் கட்டத்துக்கு மேலே, ஒரு புதுக் கேள்வி: உங்களை எங்களுடைய குக்கர் சுட்டதா? கேள்வியை மட்டும் மாற்றி மாற்றி இரண்டு நாள் எழுதினேன்.

நேற்று என்னைக் கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பெட்டி அடுக்குகிறேன். புத்தாண்டுக்கு ஊருக்கு வரவில்லை. எந்த முகத்தோடு வருவது?

தெய்ஜி

*

ஒசாகா
1983 ஜனவரி 25

அக்காவுக்கு,

உன் பதில் வரவில்லை. கை வலி குளிரில் கூடுகிறதா? அத்தானுக்கு என் வணக்கம்.

புத்தாண்டு வாழ்த்து அட்டைகளோடு அட்டையாக வந்து சேர்ந்தன. சுட்டது என்று எழுதியவை அறுபத்தொன்று. கை, மார்பு, முகம். ஒருவர் கண். அவர்கள் எழுதியிருக்கிற முதல் வரியைக் கேள்: 'தொந்தரவுக்கு மன்னிக்கவும்.' 'என் கவனக்குறைவால் கம்பெனிக்குக் கெட்ட பெயர் வராதிருக்க வேண்டும்.' 'எங்கள் ஊர் முதல் தோழியிடம் தயவுசெய்து சொல்லாதீர்கள், வருத்தப்படுவார்.' அந்த ஊரின் முதல் தோழி தனியாக ஓர் அட்டை எழுதியிருக்கிறார், தன் ஊர்க்காரர்களிடம் சொல்ல வேண்டாம் என்று. அறுபத்தொன்றும் மன்னிப்பில்தான் தொடங்குகின்றன.

மொத்தத்தையும் முதலாளி மேஜையில் வைத்தேன். நின்றுகொண்டே படித்தார், பிறகு உட்கார்ந்து படித்தார். பத்தொன்பதாவதில் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் விற்பனையை நிறுத்தச் சொன்னார். பழைய குக்கர் எல்லாவற்றையும் திரும்ப வாங்குகிறோம். அவரே சாகாவுக்கு ரயில் ஏறினார். கம்பெனி பிழைக்குமா என்று தெரியாது. நான் கிடங்கிலேயே இருக்கிறேன். திரும்பி வருகிற குக்கர்களைப் பிரித்து எண் போடுவது என் வேலை. அதிலும் ஒரு வேடிக்கை. பூப்போட்ட டப்பாவில் ஊறுகாயோ அரிசி அப்பமோ வைத்துத்தான் அனுப்புகிறார்கள்.

குரயோஷியிலிருந்து நாற்பத்துமூன்று வீட்டு அட்டையும் வந்துவிட்டது. உன்னுடையது வரவில்லை.

தெய்ஜி

*

கமானோ தோழியர் வட்டம் — பதில் அட்டை
(அஞ்சல் முத்திரை: குரயோஷி, பிப்ரவரி 14. எழுத்துகள் பெரிதாகவும் கோணலாகவும் இருந்தன.)

பெயர், ஊர்: மசுயோ, குரயோஷி. இடது கையால் நானே எழுதுவது. இதற்கே ஒரு மாதம் பழகினேன். குனி பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்தைத் திருத்துகிறாள், சனியன்.

உங்களை எங்களுடைய குக்கர் சுட்டதா: சுட்டது.

எப்போது, எங்கே: போன ஜூலை 4. வலது கை.

குறை: உண்டு.

ஒன்று. பூட்டு நாக்கு தேய்கிறது.

இரண்டு. கம்பெனியில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான். இரண்டு முறை கேட்டேன். பதில் சொல்லவில்லை.

மூன்று. இது என்மேல். 'அவசரம் இல்லை' என்று நான்தான் எழுதச் சொன்னேன். தம்பியின் மேஜையைக் காப்பாற்ற நினைத்தேன். சாகா அம்மாவின் கழுத்து அதற்கு விலையாகப் போயிற்று. அவரை நான் நேரில் பார்க்க வேண்டும். விலாசம் அனுப்பு.

மன்னிப்பு இந்த அட்டையில் எங்கேயும் கேட்கவில்லை. கவனித்தாயா?

இதோடு ஒரு டப்பா வருகிறது. மத்தி. சாதாரணச் சட்டியில், ஆறு மணி நேரம் வெந்தது. முள் அவ்வளவாகக் கரையவில்லை, பார்த்துத் தின்னு. டப்பாவைத் தபாலில் திருப்பி அனுப்பாதே, நீயே கொண்டு வா. என்ன முகத்தோடு வருவது என்று கேட்டிருந்தாய். இருக்கிற முகத்தோடு வா. இன்னும் குறை இருக்கிறது, கட்டத்தில் இடம் போதவில்லை.